மணியம்மா வீட்டு ஒட்டுச்சுவர்

மணியம்மா பசைச் சட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு அகப்பையால் கொஞ்சம் அள்ளி உயரத்திலிருந்து ஒழுகவிட்டு, நூலாய் இறங்குகிறதா, கட்டியாய் விழுகிறதா என்று கவனித்தாள். மாவு அவள் வாங்கியது. தண்ணீர் அவள் ஊற்றியது. அடுப்பில் வைத்துக் கிண்டியதும் அவளேதான். நடுவில் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்ததுதான் தப்பாய்ப் போயிற்று. அந்த இடைவெளியில் யாராவது எதையாவது கலந்திருக்கலாம் அல்லவா?

"யாரும்மா கலக்கப் போறா? நாங்கதான இருக்கோம்" என்றாள் மகள் சீதா, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல்.

"அதான் பயமா இருக்கு" என்றாள் மணியம்மா.

பிரிஞ்சாங் என்ற மலையூரை ஒட்டிய அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளைத் தெரியாதவர் கிடையாது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் கூடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நிறுவைக்கு நடப்பார்கள். மணியம்மா மட்டும் செடி நிரையை விட்டு வெளியே வந்ததும் கூடையை முன்பக்கம் திருப்பி, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடித்துக்கொள்வது மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். முதுகுக்குக் கண் இல்லை. பின்னால் வருகிறவள் ஒரு பிடி அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது? கூடையை முன்னால் வைத்தும் நிம்மதி கிடையாது. நாலெட்டு வைப்பாள், கழுத்தை வளைத்துத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள், மறுபடி நாலெட்டு வைப்பாள். மழை நாளில் வழுக்குப் பாதையில் இப்படிப் பார்த்துப் பார்த்து நடந்து, கூடையோடு உருண்டும் இருக்கிறாள். விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே, தள்ளிவிட்டது யார் என்றுதான் முதலில் கேட்டாள்.

பிரிஞ்சாங் பாசாரில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். மணியம்மா மீன்காரனுடைய கையைப் பார்ப்பாள், நல்ல மீனுக்கு அடியில் பழைய மீனை எந்த விரலால் தள்ளுகிறான் என்று. வானொலியில் இன்று மழை வரும் என்று சொன்னால் துவைத்த துணியை வெளியே காயப்போடுவாள். வராது என்று சொன்னால் அவசர அவசரமாக எடுத்து உள்ளே வைப்பாள். இந்த மலையில் அந்த இரண்டாவது கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்ததால் அவளைத் திருத்தவும் வழியில்லாமல் போயிற்று. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். மணியம்மா அதோடு, "அளக்குறவனையும் அளந்து பாக்கணும்" என்று சேர்த்துக்கொள்வாள். மகன் முனியாண்டிக்குத் தாயைக் கேலி செய்வதென்றால் கொள்ளைப் பிரியம். "எங்கம்மா சாமி கும்புடுறப்பகூட ஒரு கண்ணத் தொறந்துதான் வச்சிருக்கும் லா. சாமி விபூதிய எடுத்துட்டுப் போயிரும்னு" என்பான்.

இப்படிப்பட்டவளுடைய வீட்டில் வருடா வருடம் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒரு வேலை செய்வார்கள் என்றால் புதிதாய்க் கேட்கிறவர் நம்பமாட்டார்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பலகைச் சுவர். பலகைக்கும் பலகைக்கும் இடையே இருக்கிற சந்தில் பனிக்காற்று புகுந்து எலும்பைப் பிடிக்கும். அதனால் தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, சுவருக்குப் பழைய பத்திரிகைத் தாள் ஒட்டுவார்கள். பழைய தாளை உரிப்பதில்லை. அதன் மேலேயே புதுசு. மற்ற வீடுகளில் கைக்குக் கிடைத்த தாளைக் கிடைத்தபடி அப்பிவிட்டுப் போவார்கள். மந்திரி தலைகீழாகத் தொங்குவார், மாட்டுத் தீவன விளம்பரம் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மணியம்மா வீட்டு முன்னறைச் சுவர் அப்படி இல்லை. அங்கே வருடத்துக்கு ஒரு காட்சி. ஒரு வருடம் கல்யாண ஊர்வலம். ஒரு வருடம் கப்பல் நிற்கிற துறைமுகம், அதை அந்த வீட்டில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. எல்லாம் வெட்டி ஒட்டியவை. சீனன் கடைக் காலண்டரின் நீலம் கடலாகும். பால் டின்னில் சுற்றிவருகிற தாள் வீட்டுக் கூரையாகும். மலாய்ப் பத்திரிகையில் பட்டுத்துணி விளம்பரம் வந்தால் அன்று பெண்களுக்குப் புதுச்சேலை.

வேலைக்கு அவரவர் பங்கு உண்டு. ஆட்களையும் பூக்களையும் சீதா வெட்டுவாள். முனியாண்டி லோரி, வண்டி, வீடு என்று கோடு நேராக இருப்பதையெல்லாம் வெட்டுவான், முக்காலியில் ஏறி உயரத்தில் ஒட்டுவதும் அவன்தான். மரங்களும் பசையும் மணியம்மாவுடையவை. எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதும் அவளே. சட்டங்களும் அவள் போட்டவைதான். சாமி படத்தின் தாள் கால் படுகிற உயரத்தில் வரக்கூடாது. ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் உடம்பில் ஒட்டக்கூடாது, யாராவது சூனியம் என்று கிளப்பிவிடுவார்கள். கரப்பான் அரிக்காமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், அதையும் அவள் கையால்தான் போட வேண்டும். சண்டையும் சிரிப்புமாக வேலை நடக்கும். தொண்டையைத் திறந்து அவள் சிரிப்பது வருடத்தில் அந்தச் சில வாரங்களில்தான்.

வீட்டுக்காரர் சிங்காரம் மட்டும் அதில் இல்லை. ஒட்டு வேலை நடக்கும்போது அவர் வாசலில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கேட்டால் எடுத்து வந்து நிலைப்படியில் வைப்பார். உள்ளே கால் வைக்கமாட்டார்.

காரணம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் தேயிலை ஆலையில் பெட்டி கட்டுகிற அறையில் வேலை. பலகைப் பெட்டிக்குள்ளே ஈயத்தாளை விரித்து, மூலை பிசகாமல் மடித்து, தேயிலை கொட்டத் தயார் செய்து வைக்க வேண்டும். வெட்டி மிஞ்சிய கீற்றுகள் குப்பைக்குப் போகும். ஒரு தீபாவளிக்கு அதில் கொஞ்சத்தை மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வருடச் சுவரில் ஆறு. ஈயத்தாளை அவரே வெட்டி அவரே ஒட்டினார். விளக்கு ஏற்றினால் ஆறு நெளிந்து ஓடும். லயமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தீபாவளி அன்று தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணியும் வந்தார். முறுக்கைக் கடித்தவர் சுவரைப் பார்த்தார், மெல்லுவதை நிறுத்தினார், எதுவும் கேட்காமல் மீண்டும் மெல்லத் தொடங்கினார். அடுத்த மாதம் சிங்காரத்தைப் பெட்டி அறையிலிருந்து எடுத்து, தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளப் போட்டார்கள்.

"அடுப்புக்கு ஆள் பத்தல, என்னையப் போட்டாங்க. வேற ஒண்ணுமில்ல" என்றார் சிங்காரம். யார் கண்டது, அதுவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊரையே சந்தேகப்படுகிறவளுக்குத் தன் வீட்டை ஒருவர் திருட்டுச் சந்தேகத்தோடு பார்த்தது தாங்கவில்லை. கத்தியை எடுத்து அந்த ஆற்றை அடியோடு சுரண்டி எறிந்தாள். "ஒங்க கை பட்ட எடம் வெளங்காது. இனிமே இந்தச் செவுத்துப் பக்கமே வராதீங்க" என்றாள். சிங்காரம் எழுந்து வாசலுக்குப் போனார். அவளும் கோபம் தணிந்த பிறகு வாங்க என்று கூப்பிடவில்லை. இப்படியே வருடங்கள் ஓடின.

எழுபத்தெட்டாம் வருடத்துச் சுவரில் மலைப்பாதை. கீழே தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருகிற சாலை, அதில் காய்கறி லோரிகள், இரு பக்கமும் தேயிலைச் சரிவு. ஒரு சாயங்காலம் மணியம்மா விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றைய வேலையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு கூட்டமாக முளைத்திருந்தார்கள். விரலளவு உருவங்கள். ஒருத்தி குனிந்திருந்தாள், ஒருத்தி நெற்றி வியர்வையைத் துடைத்தாள், ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சேலை மடிப்புகூட வெட்டிலேயே தெரிந்தது. சீதாவுக்குக் கை நன்றாக வரும், ஆனால் இவ்வளவுக்கு வராது. மணியம்மா ஓர் உருவத்தின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் தடவினாள். இன்னொன்றைத் தடவினாள். அவள் முகம் மாறிவிட்டது.

"இத யாருடி வெட்டினா?"

"நாந்தான்."

"இப்ப ஒண்ணு வெட்டு, பாப்போம்."

சீதா வெட்டினாள். மணியம்மா அதை வாங்கி ஓரத்தைத் தடவினாள். வெட்டிய தாளுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சீதா வெட்டியதில் சொரசொரப்பு பின்பக்கம் இருந்தது, முனியாண்டி வெட்டிய லோரியிலும் அப்படித்தான். இந்தப் பெண்களுக்கு மட்டும் சொரசொரப்பு முன்பக்கம், முகத்தின் மேல்.

"கை மாறுனாத்தான் வெட்டு இப்பிடிப் பக்கம் மாறும். இது நொட்டாங்கை வெட்டு" என்றாள் மணியம்மா. "நம்ம வீட்டுல நொட்டாங்கை யாருக்கும் கெடையாது."

சீதா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மணியம்மா விளக்கைச் சுவருக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, பாதை ஓரத்தில், தனியாக ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். கூடை அவளுக்கு முதுகில் இல்லை. முன்னால் இருந்தது. இரண்டு கையாலும் அதை அணைத்திருந்தாள். கழுத்தை வளைத்து, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணியம்மா விளக்கைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தான் உலகத்தைக் கண்காணிப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். தன்னை ஒரு கண் இவ்வளவு நேரம் நின்று பார்த்திருக்கிறது. அது தெரியாமலே நடந்து போயிருக்கிறோமே என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

நொட்டாங்கைக்காரனைத் தேடி அவள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டுத் தெரசம்மாளின் மகன் அமல்தாஸ் சோற்றைத் தவிர எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்வான். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் குடில் கட்டுவான், தாளும் பசையும் அவனுக்குப் பழக்கம். கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துக்குச் சீதா வேலைக்குப் போகிற லோரியில்தான் அவனும் மூட்டை ஏற்றப் போகிறான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைப் பலகை, அதில் ஒரு கணு உதிர்ந்து விரல் நுழைகிற ஓட்டை வேறு. ஓட்டையில் துணியை அடைத்து வைத்திருந்தாள் மணியம்மா. எழுந்து போய்ப் பார்த்தாள். துணி இருந்தது. ஆனால் தான் அடைத்த மாதிரி இல்லையோ என்று பட்டது. அப்புறம் என்ன, எல்லாம் பொருந்திவிட்டது.

"நாளையிலேருந்து வேலைக்குப் போவ வேணாம்" என்றாள் சீதாவிடம். "ஞாயித்துக்கெழம முனியாண்டி மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு கம்போங் ராஜாவுக்குப் போயி மாமாகிட்ட சொல்லிட்டு வரட்டும். தீபாவளிக்கு முன்னால பரிசம் போட்டுறலாம்."

கம்போங் ராஜாவில் இருந்த அண்ணன் மகனைச் சீதாவுக்கு அறவே பிடிக்காது. அந்தப் பையன் வீட்டுக்கு வந்தால் மணியம்மாவே அவனுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டாள். இருந்தாலும் சொந்தம், தெரிந்த திருடன்.

"அம்மா, நான் ஒண்ணும் பண்ணலம்மா. அமல்தாஸுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா."

"அப்ப யாரு வெட்டினா, சொல்லு."

சீதா அழுதாளே தவிரச் சொல்லவில்லை. முனியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கை அவனைப் பார்த்த பார்வையில் அவனும் அடங்கிவிட்டான். அந்தப் பார்வையையும் மணியம்மா குறித்துக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் கூட்டு. சிங்காரத்துக்கு அந்த வாரம் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை வேலை. அவர் வீட்டில் இருந்திருந்தாலும் இதில் வாயைத் திறந்திருக்கமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் விடிந்ததும், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில், அந்தக் கூடைக்காரியைச் சுவரிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு தெரசம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். தெரசம்மாள் மகனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அமல்தாஸ் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒன் மகன ஒரு கோழிக்குஞ்சு வெட்டச் சொல்லு" என்றாள் மணியம்மா, கத்தரிக்கோலையும் தாளையும் நீட்டி.

தெரசம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அமல்தாஸ் பயந்த பையன், கேட்டதைச் செய்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையால், வெகு சிரத்தையாக வெட்டினான். வந்தது கோழிக்குஞ்சு இல்லை, கால் ஒடிந்த நாய்க்குட்டி மாதிரி ஏதோ ஒன்று. மணியம்மா ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஓரம் முழுக்கக் கிழிசல், முன்னும் இல்லை பின்னும் இல்லை.

"வேணும்னே கெடுத்து வெட்டுறான்" என்றாள்.

"என்னா லா இது காலங்காத்தால? இவனுக்கு சிமெண்டுப் பையக் கசக்கிப் பாற செய்யத்தான் தெரியும். குடில்ல ஆட்டுக்குட்டிகூட நாந்தான் வாங்கியாந்து வைக்கிறேன். சமாச்சாரத்தச் சொல்லு."

மணியம்மா சமாச்சாரத்தைச் சொன்னாள். கையிலிருந்த உருவத்தையும் காட்டினாள். தெரசம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் லயத்து நாய் எழுந்து நின்றது.

"அடி மணியம்மா, பொண்ணு மேல ஆசப்பட்டவன் பொண்ணத்தான வெட்டுவான்? ஆத்தாள எதுக்கு வெட்டுறான்? ஒம் மகளப் பாத்தான்னு சொல்லு, இவன் முட்டிய ஒடைக்கிறேன். ஒன்னைய உத்து உத்துப் பாத்து வெட்டுனான்னு சொன்னா நான் எந்தக் கோயில்ல போயிச் சொல்றது?" சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எம் பிள்ளைய வாசல்ல நிக்க வச்சு சோதிச்ச பாரு. அது நல்லால்ல."

மணியம்மா உருவத்தை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அன்று முழுக்கக் கை கொழுந்தைக் கிள்ளியதே தவிர மனசு அந்த ஒரு கேள்வியிலேயே நின்றது. ஆத்தாளை எதற்கு வெட்டுகிறான்? தோட்டத்தில் தன்னை நின்று பார்க்கிற ஆள் யார்? கங்காணி கூடையைப் பார்ப்பார். கிராணி தராசு முள்ளைப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் தான் வருவதைக் கண்டாலே வேறு பக்கம் பார்ப்பார்கள். நாற்பத்தைந்து வயதில், வெயிலும் பனியும் தின்ற இந்த முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தபோது, பயம் போன இடத்தில் ஒரு துக்கம் வந்து உட்கார்ந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மண்டோர் வேலையை நிறுத்தினார். மற்றவர்கள் லயத்துக்கு ஓட, மணியம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆலைப் பக்கம் திரும்பினாள். பரிசம் போடுவதென்றால் தகப்பன் காதில் போட்டு வைக்க வேண்டும். அதோடு, தகப்பனுக்கு இதில் ஏதாவது முன்னமே தெரியுமோ என்று முகத்தைப் பார்த்தும் வைக்க வேண்டும். கேட்காத நேரத்தில் போய் நின்றால்தான் முகம் உண்மை சொல்லும் என்பது அவள் கட்சி.

அடுப்புக் கொட்டகையில் விறகு மலையாய் அடுக்கியிருந்தது. சிங்காரம் அடுப்பு வாயின் வெளிச்சத்தில், வாசலுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெட்டிப் பலகை. அதன் மேல் ஒரு பத்திரிகைத் தாள் குப்புறக் கிடந்தது, படம் அடியில், எழுத்து மேலே. செருப்புத் தைக்கிறவன் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கத்தியால் அவர் அந்தத் தாளின் பின்பக்கத்தில் கோடு இல்லாமலே வெட்டிக்கொண்டுபோனார். கத்தி ஓரிடத்திலும் நிற்கவில்லை. வெட்டி முடித்து, ஊதி, திருப்பினார். வேலி ஓரத்து மரக்கிளை ஒன்று, இலையோடு.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் அப்படியே நின்றாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சத்தம் கேட்டு அவர் திரும்பினார். கத்தியை மறைக்கப் போனவர், இனி மறைத்து என்ன என்று தோன்றியதோ என்னவோ, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏன் குப்புற வச்சு வெட்டுறீங்க?" என்றாள் மணியம்மா. இத்தனை கேள்வி இருக்க அதுதான் முதலில் வந்தது.

"ஈயத்தாள மூஞ்சிப் பக்கம் வெட்டுனா கிழிஞ்சிரும். பின்னாடி பேப்பர் இருக்கும், அங்கதான் கத்தி வைக்கணும். கை அப்பிடியே பழகிப்போச்சு."

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நீ வேணாம்னு சொன்னதுலேருந்துதான். சீதா சோத்துச் சட்டி கொண்டாருவா, வெறுஞ்சட்டியில வச்சுக் குடுத்துவிடுவேன். மொதல்ல எல, பூவு, அந்த மாதிரி சின்னச் சின்னதா. ஒனக்குத் தெரியாதுன்னு."

"போன வருஷத்து ஆலமரம்?"

சிங்காரம் தரையைப் பார்த்தார். "எலயில பாதி என்னுதுதான்."

அந்த ஆலமரத்தைத் தன் கை மரம் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் மணியம்மா. பார்க்க வந்தவர்களையெல்லாம் தொடாதே என்று விரட்டியவள். மீன்காரன் விரலைப் பார்த்தவளுக்கு, வீட்டுக்குள் இத்தனை தீபாவளியாக நடந்த திருட்டு தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. இரண்டுக்கும் அடியில் சந்தோஷம் மாதிரி என்னமோ அசைந்தது, அதை அவள் உடனே சந்தேகப்பட்டாள்.

"நேத்து சீதாவ வேலைக்குப் போவ வேணாம்னுட்டேன். கம்போங் ராஜாவுக்கு ஆள் விடுறதா சொல்லிட்டேன். தெரியுமா?"

"காலையில முனியாண்டி சொன்னான். இன்னிக்கு வேல விட்டு வந்ததும் நானே சொல்லிரலாம்னு இருந்தேன். புள்ளைய விட்டுரு. நாந்தான் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். என்னைய என்ன வேணா சொல்லு."

மணியம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து அந்த உருவத்தை எடுத்தாள். ஈரத்தில் லேசாகச் சுருண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்து நீவினாள்.

"நான் இப்பிடித்தான் இருக்கேனா? கழுத்த வளைச்சுக்கிட்டு, பேயப் பாத்தவ மாதிரி?"

சிங்காரம் யோசித்தார். வாழ்க்கையில் அவர் வீட்டுக்காரியிடம் பொய் சொல்லிப் பழகியவரில்லை, பேசாமலிருந்து பழகியவர்.

"வேற மாதிரியும் வெட்டிப் பாத்தேன். நேரா நடக்குற மாதிரி, சிரிக்கிற மாதிரி. எதுவும் நீயா வரல." பிறகு ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். "நீ நெரைய விட்டு எறங்கி வர்றது இங்கேருந்து நல்லாத் தெரியும்."

கொட்டகையின் திறந்த பக்கத்தில் மழைக்கு அப்பால் தேயிலைச் சரிவும், அதிலிருந்து நிறுவைக்கு இறங்குகிற பாதையும் தெரிந்தன. மணியம்மா அந்தப் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருடம் அதில் நடந்திருக்கிறாள். பின்னால் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், பக்கத்து நிரையைப் பார்த்திருக்கிறாள். கீழே புகை வருகிற இந்தக் கொட்டகையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அடுப்பப் பாருங்க, தீ எறங்குது" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்காக முனியாண்டி மோட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "எடுத்து ஓரமா வை. எங்கயும் போவ வேணாம்" என்றாள். சீதாவிடம், "காலையில லோரிக்கு நேரத்தோட எந்திரி" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் குழாயடிக்குத் தெரசம்மாள் வந்தபோது, தன் வாளியை நகர்த்தி அவளை முதலில் பிடிக்கவிட்டாள் மணியம்மா. அவளுடைய அகராதியில் மன்னிப்பு என்பதற்கு அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. தெரசம்மாள் வாளி நிரம்பும்வரை முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள். போகும்போது, "கோழிக்குஞ்ச எம் மகன் செவுத்துல ஒட்டி வச்சிருக்கான். வந்து பாரு" என்றாள்.

கூடைக்காரி மறுபடி பாதை ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மணியம்மாவே ஒட்டினாள். ஒட்டும்போது, கழுத்து இவ்வளவு வளையுமா என்று முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையின் உச்சியையும் வானத்தையும் ஒட்ட வேண்டியிருந்தது. காலண்டர் தாள்களைச் சேர்த்து ஒட்டி, ஒரே பெரிய நீலத் தாளாகச் சீதா செய்து வைத்திருந்தாள். சிங்காரம் வழக்கம்போல வாசலில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். வராதே என்று சொன்னவள் வா என்று சொல்லவில்லை. சொல்லாமல் அவரும் வரமாட்டார். மணியம்மாவுக்கு அந்த வார்த்தை காலையிலிருந்து தொண்டை வரை வருவதும் இறங்குவதுமாக இருந்தது. இப்போது கூப்பிட்டால் அன்று சொன்னது தப்பு என்று ஆகும். கூப்பிடாவிட்டால் இந்தத் தீபாவளியும் போய்விடும்.

தாளைப் பாயில் குப்புறப் போட்டுப் பசையைத் தடவினாள். தாளின் நீளத்துக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனையாக. பசை குடித்த தாளுக்குக் கனம் அதிகம். ஒரு முனை தொங்கினால் தன் பாரத்திலேயே நடுவில் கிழிந்துபோகும். முனியாண்டி முக்காலியில் ஏறப் போனான்.

"நீ எறங்கு" என்றாள்.

சீதா மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"நீ போயிப் பசையக் கிண்டு."

மணியம்மா முக்காலியில் தானே ஏறினாள். தாளின் ஒரு முனையை மூலையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். மறுமுனை அவளுடைய இன்னொரு கையில் இருந்தது, முழங்கை வழியாகப் பசை வழிந்தது.  அவள் சுவரைப் பார்த்தபடியே அந்தக் கையை வாசலில் இருந்தவர் பக்கமாக நீட்டி, முனையை விட்டாள்.